ஜிங்க், தினம் ஒன்று, மறு ஆய்வு வரை

மாங்காட்டில் தரிசனம் முடித்து, செருப்புகளை மீட்டுக்கொண்டு, ஆட்டோ நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி இருக்கும். என் முழங்கையைப் பிடித்தபடி வந்த மனைவி சட்டென்று நின்றாள்.

"என்னங்க, ஒத்தைச் செருப்புச் சத்தம்தான கேக்கு?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை. சரளைக்கல்லையும் பூக்குப்பையையும் வெறுங்காலால் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தக் கால் எனக்கு ஒரு தகவலும் அனுப்பவில்லை. திரும்பிப் பார்த்தால், நாற்பதடி பின்னால், பூக்கடைக்கு எதிரே செருப்பு கவிழ்ந்து கிடந்தது. பூக்காரம்மா அதை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சத்தம் போட்டார்.

"அப்போலேந்து கூவிகினே கீறேன் சார்! செருப்ப உட்டுட்டு நீ பாட்டுக்குப் போய்கினே கீற. அம்மாவுக்குத்தான் கண்ணு செரியில்ல, உனுக்கு இன்னா?"

எனக்கு என்ன என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அதற்குப் பிறகு நான்கு மாதங்கள் ஆயின.

என் மனைவிக்குக் கண் அழுத்த நோய். பக்கப் பார்வை முழுவதும் போய்விட்டது; நடுவில் சாவித்துவாரம் அளவுக்கு ஏதோ மிச்சமிருக்கிறது. எங்கள் ஏற்பாடு எளிமையானது. கண்ணும் காலும் என் பொறுப்பு. காதும் ஞாபகமும் அவள் பொறுப்பு. வெளியே போனால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். வீட்டுக்குள் யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. அயனம்பாக்கத்தில், ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஓர் அடுக்ககத்தின் முதல் தளத்தில் இருக்கிறோம். அந்த வீட்டில் உப்பு எங்கே, உளுந்து எங்கே, எந்தக் கதவு பாதி திறந்து நிற்கிறது என்று அவளுக்குக் கைவிரலில் தெரியும். புதிதாக வருகிறவர்கள் காபியை வாங்கிக் குடித்துவிட்டுப் போய், பிறகு வேறு யாராவது சொல்லித்தான் அவளுக்குப் பார்வை இல்லை என்று தெரிந்துகொள்வார்கள். அந்த வீட்டில் அவளுக்குக் கண் தெரியும். வேறெந்த வீட்டிலும் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்பது புரிந்துவிடும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே தயாரான எதையும் நான் தயாரித்ததில்லை. எப்படித் தயாரிக்க வேண்டும் என்ற தாளைத் தயாரித்தேன். எந்தத் திருகை எத்தனை சுற்று முறுக்க வேண்டும், முறுக்கியதை யார் பார்க்க வேண்டும், பார்த்ததை எந்தப் படிவத்தில் எழுத வேண்டும், அந்தப் படிவத்தை எத்தனை ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பதெல்லாம் என் பிரிவு. ஓய்வு பெற்ற நாளில் ஒரு கைக்கடிகாரமும், எதையும் எழுத்தில் இல்லாமல் நம்பாத புத்தியும் கொடுத்து அனுப்பினார்கள்.

உண்மையில் கால் அதற்கு ஒரு வருடம் முன்பே ஆரம்பித்திருந்தது. காலுறை போடாமலேயே போட்டதுபோல் ஓர் உணர்வு. பிறகு பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல. பிறகு எறும்பும் போய்விட்டது. அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன். காலையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். தோள் போய்ச் சுவரில் இடிக்கும். குளியலறைத் தரை சரியில்லை என்று முடிவு செய்து, கொத்தனாரை வரவழைத்து மட்டம் பார்க்கச் சொன்னேன். தரை நேராகத்தான் இருந்தது. எழுத்து மூலம் புகார் வராதவரை எதையும் கவனிக்க வேண்டியதில்லை என்பது நான் ஊறிய அலுவலக மரபு. என் கால் எழுதத் தெரியாத கால்.

செருப்பு விஷயத்துக்குப் பிறகு மறைக்க முடியவில்லை. மறுநாள் ஏரிக்கரையில் என்னோடு நடக்கிற இருவரிடம் சொன்னேன். ஒருவர் வங்கியில் மேலாளராக இருந்தவர். இன்னொருவர் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர்.

"சுகர்" என்றார் பட்டறைக்காரர், நடையை நிறுத்தாமலே.

"டெஸ்ட் எடுத்தாச்சு. சுகர் இல்லை."

"அப்போ லேப் ராங்கு. வேற லேபாண்ட போ சார்."

"இல்லைங்க, இது நரம்பு. மினரல் குறைச்சல்" என்றார் வங்கிக்காரர். "மெக்னீசியம் போடுங்க. நான் தினம் போடறேன்."

"உங்களுக்கு எதுக்கு?"

"தெரியலை. பையன் அமெரிக்காலேந்து அனுப்பறான். டப்பா பெரிசா இருக்கு, தீரவே மாட்டேங்குது."

"இன்னாத்துக்குத் துன்றன்னே தெரியாம துன்றியா நீ?" என்று பட்டறைக்காரர் கேட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

தெருமுனை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை. ரத்தத்தில் சிவப்பணுவும் கொஞ்சம் குறைவு, வெள்ளையணுவும் கொஞ்சம் குறைவு. "வயசாகுதில்ல" என்றார். பி-பன்னிரண்டு குறைபாடாக இருக்கலாம் என்று பத்து ஊசி போட்டார். பத்து ஊசியும் ஏறின. கால் அப்படியேதான் இருந்தது. கூடவே ஒரு கைத்தடி வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கினேன். ஒரு கையில் தடி, இன்னொரு முழங்கையில் மனைவி. அடுக்ககப் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பற்ற மூன்றாவது கை இல்லை.

இரண்டாவது வாரமே அது நடந்தது. கடைசி இரண்டு படி இருந்தது. ஒரு படிதான் என்று என் கால் சொன்னது. நான் விழுந்தேன், என்னைப் பிடித்திருந்தவளும் விழுந்தாள். எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு மணிக்கட்டு வீங்கிப்போனது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவள் என்னைத் திட்டவில்லை. "படிய நான் எண்ணிட்டுத்தான் வந்தேன். ரெண்டு இருந்துச்சு. நீங்க எறங்குதீயன்னு நானும் எறங்கிட்டேன்" என்றாள். நாற்பது வருடம் ஆவடியிலும் அயனம்பாக்கத்திலுமாகக் குடியிருந்தும் அவள் பேச்சு பாளையங்கோட்டையை விட்டு இறங்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

செய்தி பெங்களூருக்குப் போனது. மகள் தொலைபேசியில் அழவில்லை, அதுவே மோசமான அறிகுறி. "அப்பா, இனிமே இது பேச்சுவார்த்தை இல்லை. ஆறு மாசம் டைம். உங்க கால் சரியாகலைன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் இங்க வர்றீங்க." பதினொன்றாவது மாடி. நல்ல வீடு. மாப்பிள்ளையும் நல்லவர். ஆனால் அங்கே போகும்போதெல்லாம் என் மனைவி மூன்று நாளும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், தண்ணீருக்குக்கூட யாரையாவது கூப்பிட்டுக்கொண்டு. அந்த நாற்காலியில் அவள் மிச்சக் காலம் முழுவதும் உட்காரப்போகிறாள், அதற்குக் காரணம் என் கால். இதுதான் அப்போது என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. என் காலைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது இரண்டாவது கவலை.

எங்களை வெள்ளிக்கிழமைதோறும் மாங்காட்டுக்கு அழைத்துப்போகும் ஆட்டோக்காரர் பூந்தமல்லிக்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயது இருக்கும். நான் ஏறி உட்கார எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"சார், ஒரு வார்த்த சொன்னா கோச்சிக்க மாட்டியே. நீ தெருமுக்கு டாக்டராண்ட ஊசி போட்டுகினு கீறது வேஸ்ட்டு. நம்ம பூந்தமல்லில ஒரு நரம்பு டாக்டரம்மா கீது. எம் மச்சானுக்கு வாய் கோணிகிச்சி, அத்த நேராக்கி அனுப்பிச்சிது."

"எத்தனை நாளில் சரியாச்சு?"

"வாய் நேராயி இன்னா பிரயோஜனம்? இப்போ நாள் முச்சூடும் பேசிகினே கீறான்."

அப்படித்தான் அந்த மருத்துவரிடம் போனோம். நான் வெறுங்கையோடு போகிற ஆளில்லை. கோப்பு எடுத்துக்கொண்டேன். நோய்கள் ஒரு பிரிவு, பரிசோதனைகள் ஒரு பிரிவு, மருந்துகள் ஒரு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நிறத்தில் காகித நாக்கு. முதல் பக்கத்தில் தேதிவாரியாகச் சுருக்கம். மருத்துவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கோப்பைப் புரட்டிப் பார்த்து, "சார், எல்லாப் பேஷண்ட்டும் இப்படி வந்தா நான் சாயங்காலம் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார். முப்பத்தைந்து ஆண்டு வேலையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. கால் மரத்திருந்தாலும் கொஞ்சம் உயரமாக உணர்ந்தேன்.

பிறகு சோதனைகள். முட்டியில் சுத்தியல். இரட்டைக் கொம்புள்ள ஓர் இரும்புக் கருவியைத் தட்டி, அது ரீங்காரமிடும்போதே பெருவிரலில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார். எப்போது வைக்கப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். வைத்துக் கொஞ்ச நேரமாகிவிட்டது என்றார். கணுக்காலிலும் தெரியவில்லை. முட்டியில் லேசாகத் தெரிந்தது. கடைசியில் காலைச் சேர்த்து நிற்கச் சொல்லி, "இப்போ கண்ணை மூடுங்க" என்றார். மூடினேன். அடுத்த கணம் அவர் கை என் தோளில் இருந்தது.

"கால் எங்க இருக்குன்னு காலுக்கே தெரியலை சார். இத்தனை நாளா நீங்க கண்ணால பார்த்துத்தான் நிக்கறீங்க."

அதாவது அவள் என் கண்ணை நம்பி நடக்க, என் காலும் அதே கண்ணை நம்பி நடந்திருக்கிறது. ஒரு ஜோடிக் கண்ணுக்கு இவ்வளவு வேலை கொடுத்திருக்கக் கூடாது.

கழுத்துக்கு ஸ்கேன் எழுதினார். மருந்துப் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் ஓட்டிப் பார்த்தார். "இது தவிர வேற ஏதாவது சாப்பிடறீங்களா? நாட்டு மருந்து, சத்து மாத்திரை, எதுவானாலும்."

"இல்லை. பட்டியலில் இருப்பதுதான்" என்றேன். அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொன்னேன்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி தொண்டையைக் கனைத்தாள். "அந்த வழவழப்பு மாத்திரையச் சொல்லலையே நீங்க."

"எது?"

"காலைல போடுதீயல்லா. டப்பால வாராவாரம் நாந்தான போட்டு வைக்கேன்? நடுவுல கோடு இருக்கது பிரஷர். குட்டியா இருக்கது கொலஸ்ட்ரால். வழவழன்னு நீட்டமா ஒண்ணு இருக்குல்லா, அது."

எங்கள் வீட்டில் வாரத்துக்கான மாத்திரை டப்பாவை நிரப்புவது அவள்தான். விரலால் தடவி அடையாளம் வைத்திருக்கிறாள், ஒருநாளும் தப்பியதில்லை. நான் சிரித்துக்கொண்டே மருத்துவரிடம் விளக்கினேன். "அது மருந்து இல்லை, டாக்டர். ஜிங்க். வெறும் சத்து. தொற்றுக்காலத்தில் கொடுத்தது. அதற்குத் தனிக் கோப்பு இருக்கிறது."

மருத்துவர் பேனாவை மேசையில் வைத்தார். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார்: "எத்தனை நாளா சாப்பிடறார்மா?"

"எங்க பேரன் பொறக்கதுக்கு முந்தியே ஆரம்பிச்சாச்சு. இப்ப அவன் பள்ளிக்கூடத்துக்குப் போறான்."

"தினமுமா?"

"ஒருநா தவறாது. அவுக அப்படித்தான்."

மருத்துவர் மறுபடி பேனாவை எடுத்தார். பிறகு அவர் ஒரு தாளில் குடல் மாதிரி எதையோ வரைந்து விளக்கினார். நரம்புக்குத் தாமிரம் வேண்டும்; மிகக் கொஞ்சம், ஆனால் கட்டாயம் வேண்டும். ரத்த அணுக்கள் உண்டாவதற்கும் அது வேண்டும். துத்தநாகம், அதாவது ஜிங்க், அதிகமாகப் போனால், குடல் அதைச் சமாளிக்க ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்கும். அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடத் தாமிரத்தைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை உள்ளே விடாது. குடலின் மேல்தோல் உதிரும்போது அதோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். எனக்கு உடனே புரிந்தது. துத்தநாகம் கூட்டமாக வருகிறது என்று வாசலில் காவலர்களை அதிகமாக நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் காவலர்கள், ஒழுங்காக அடையாள அட்டையோடு வந்த தாமிரத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இதுபோன்ற காவல் ஏற்பாட்டுக்கு நானே நடைமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"இதுதான்னு இப்பவே சொல்ல மாட்டேன்" என்றார். "ரத்தத்துல தாமிரம் எவ்வளவுன்னு பார்க்கணும். இங்க பண்றதில்லை, வெளிய அனுப்பணும். ஒரு வாரம் ஆகும். இதுவா இருந்தா நல்லது. ஏன்னா மத்ததெல்லாம் இதைவிட மோசம்."

ஆட்டோவில் திரும்பினோம். பாய் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார், டாக்டரம்மா இன்னா சொல்லிச்சி?"

"தாமிரம் கம்மியாம் பாய்" என்றாள் என் மனைவி.

"செம்பா? அவ்ளோதானா? ஊட்டாண்ட ஒயரிங் வேல செஞ்சது நெறய கம்பி கீது. ரெண்டு துண்டு எட்தாரேன், நக்கிகினே இரு சார்."

அவள் சிரித்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பூந்தமல்லி எல்லை தாண்டும்வரை சிரித்தாள். மணிக்கட்டு வீங்கிய பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

வீட்டுக்கு வந்து அந்த இன்னொரு கோப்பை எடுத்தேன். மேலே என் கையெழுத்தில் "பொது – தொற்றுக்காலம்". உள்ளே தடுப்பூசிச் சான்றிதழ்கள், ஊரடங்கில் வெளியே போக வாங்கிய அனுமதிச் சீட்டு, அதற்குக் கீழே மருந்துச் சீட்டு. அப்போது எங்கள் இருவருக்கும் தொற்று வந்து, ஒரு மருத்துவர் தொலைபேசியிலேயே பார்த்து அனுப்பிய சீட்டு. காய்ச்சல் மாத்திரைக்கு எதிரே "ஐந்து நாள்" என்று இருந்தது. ஜிங்க்குக்கு எதிரே "தினம் ஒன்று, மறு ஆய்வு வரை". மறு ஆய்வு செய்ய வேண்டிய மருத்துவர் அந்த வருடமே கிளினிக்கை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார். மறு ஆய்வு நடக்கவில்லை. ஆகவே சீட்டு செல்லும்.

எங்கள் தொழிற்சாலை நடைமுறைக் கையேட்டில் ஒரு வரி உண்டு: ரத்து செய்யும் ஆணை வரும்வரை முந்தைய ஆணை நடப்பில் இருக்கும். அந்த வரியை எழுதியவன் நான். எழுதியபோது அடைப்பான்களையும் திருகுகளையும் நினைத்து எழுதினேன், குடலை நினைக்கவில்லை. மாதாமாதம் மருந்துக்கடைக்குப் போய்க் காலி மாத்திரை அட்டையைக் காட்டி அதே மாத்திரையை வாங்கினேன். சீட்டு வேண்டாத மாத்திரை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சீட்டைக் காட்டியிருப்பேன், அதுவும் பெருமையாக.

இதில் இன்னொன்றும் உண்டு. அவளுக்கும் அதே சீட்டுதான். பத்தாவது நாளே நிறுத்திவிட்டாள். "வயித்தப் பொரட்டுது, எனக்கு வேண்டாம்" என்றாள். ஆணையை மதிக்கத் தெரியவில்லை என்று நான் அவளிடம் நீண்ட நேரம் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டே உளுந்து களைந்துகொண்டிருந்தாள். இன்று அவள் கால் இரண்டும் நன்றாக இருக்கிறது.

அந்த ஒரு வாரம் நல்ல வாரமாக இல்லை. ஜிங்க்கை எடுக்காமல் டப்பாவிலேயே விட்டுவிட்டேன், ஆனால் அதுதானா என்பது தெரியாது. நாளில் நான்கைந்து முறை, சுவருக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிப் பார்த்தேன். நான்கைந்து முறையும் சுவர் என்னைப் பிடித்தது. என் மனைவி அடுக்களையில் இருந்தபடி, "இடிக்கது கேக்கு. சும்மா உக்காருங்க" என்பாள். ஒருநாள் மத்தியானம் அவள் கூடத்தில் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. பெங்களூர்ல சுவரு எப்படின்னு யோசிச்சேன். அங்க எல்லாம் கண்ணாடில்லா" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

முடிவு வந்த அன்று கோப்பு எடுத்துப்போகவில்லை. மருத்துவர் இரண்டு தாள்களை அடுத்தடுத்து வைத்தார். கழுத்து ஸ்கேனில் கட்டி இல்லை, தண்டுவடத்தை எதுவும் அழுத்தவில்லை. ரத்தத்தில் துத்தநாகம் ஏகமாக இருந்தது. தாமிரம், அவர் விரலால் தொட்டுக் காட்டிய இடத்தில், கிட்டத்தட்ட இல்லை.

"அப்ப இதுதானா?" என்று என் மனைவி கேட்டாள்.

"இதுதாம்மா. நிறுத்திட்டார், இனிமே மோசமாகாது. தாமிரம் மாத்திரை தர்றேன். ரத்தம் சீக்கிரம் சரியாகும். நரம்பு மெதுவாத்தான் வரும். எவ்வளவு வரும்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது சார்."

எழுதிக் கொடுக்காத எதையும் நான் நம்பியதில்லை. அன்று நம்பினேன். வெளியே வந்து, மருந்துக்கடைக்கு எதிரில், போகிற வருகிற பேருந்துகளின் இரைச்சலில் அப்படியே நின்றேன். சர்க்கரை இல்லை, கட்டி இல்லை, முதுமை இல்லை. என் ஒழுக்கம் மட்டும்தான் வியாதி. இவ்வளவு கேவலமான காரணம் கிடைத்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் அன்று பூந்தமல்லியில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத் தாள் எடுத்தேன். பொருள்: ஜிங்க் மாத்திரை. பார்வை: தொற்றுக்கால மருந்துச் சீட்டு. ஆணை: மேற்படி சீட்டு இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது. கையெழுத்திட்டுத் தேதி போட்டேன். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

"நகல் யாருக்கு?" என்றாள்.

"உனக்கு."

"எனக்கு எதுக்கு? நாந்தான் பத்தாம் நாளே ரத்து பண்ணிட்டேனே." சொல்லிக்கொண்டே மாத்திரை டப்பாவின் ஏழு அறைகளையும் வரிசையாகத் திறந்து, வழவழப்பாக இருந்ததை மட்டும் விரலால் பொறுக்கி, ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டாள். இரண்டாவது முறையாகவும் தடவிப் பார்த்தாள்.

சாப்பாடும் மாறியது. ஓய்வு பெற்றதும் எங்கோ படித்த ஓர் இதயநலப் பட்டியலைப் பார்த்துக் கறி, ஈரல், முந்திரி எல்லாவற்றையும் விலக்கி வைத்திருந்தேன். அதுவும் ஒரு பட்டியல்தான். யார் போட்டது என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. வாரம் ஒருமுறை ஈரல் தாராளமாகச் சாப்பிடலாம் என்று மருத்துவர் சொன்னதை என் மனைவி பாயிடம் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு அவர் தூக்குவாளியோடு வந்தார்.

"ஊட்ல செஞ்சது சார். மொளகு தூக்கலா போட்டுக்கீது. துன்னு. துன்னுட்டு கால ஆட்டிக் காமி."

"உடனே தெரியாது பாய். மாசக்கணக்கில் ஆகும்."

"ஆவட்டும். நானும் மாசக்கணக்குல எட்தாறேன். அம்மா, வாளிய மட்டும் கழுவாத குடு, கழுவிக் குட்த்தா எங்க ஊட்ல திட்டும்."

கொண்டைக்கடலைச் சுண்டலும் எள்ளுப்பொடியும் தினசரி ஆயின. பட்டறைக்காரர் செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிக்கச் சொன்னார். மருத்துவரிடம் கேட்டேன். "குடிங்க, தப்பில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். கேட்டுவிட்டு, எத்தனை மாதத்துக்கு, அடுத்த ஆய்வு எந்தத் தேதியில் என்று இரண்டையும் எழுதித் தரச் சொன்னேன். அவர் சிரிக்காமல் எழுதித் தந்தார். வங்கிக்காரரிடம் அந்த அமெரிக்க டப்பாவை எடுத்துக்கொண்டு ஒரு நல்ல மருத்துவரைப் பார்க்கும்படி சொன்னேன். இன்னும் பார்க்கவில்லை. ஆனால் நாள்விட்டு நாள்தான் சாப்பிடுகிறாராம்.

இரண்டு மாதத்தில் ரத்தம் சரியாகிவிட்டது. காலுக்கு அவசரம் இல்லை. மூன்றாவது மாதம் எறும்புகள் திரும்பி வந்தன. தொலைந்துபோன உறவினர்களைப்போல் வரவேற்றேன். நான்காவது மாதம் ஒரு காலையில் முகத்தில் சோப்போடு நின்றேன், சுவர் வந்து இடிக்கவில்லை. சோப்பைக் கழுவாமலே வெளியே வந்து சொன்னேன். "கண்ணு எரியப் போவுது, போய்க் கழுவுங்க" என்றாள். கழுவிவிட்டு வந்து பார்த்தால், அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பால் பாதி காய்ந்தபடி இருந்தது.

மகள் கொடுத்த ஆறு மாதக் கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வீடியோ அழைப்பில் சோதனை நடத்தினோம். சோதனை முறையை நான்தான் வகுத்தேன்: இரண்டு காலையும் சேர்த்து, கைகளைக் கட்டி, கண்ணை மூடி, முப்பது வரை எண்ணும்வரை. மகள் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணியது என் மனைவி. இருபதுக்குமேல் வேண்டுமென்றே மெதுவாக எண்ணினாள் என்பது என் சந்தேகம். இருபத்தேழில் லேசாக ஆடினேன், விழவில்லை.

"சரி" என்றாள் மகள். "ஆனா படியில ரெண்டு பேரும் கைப்பிடி. எழுதி வாங்கிக்கட்டுமா?"

"எழுதியே அனுப்புகிறேன்" என்றேன். அனுப்பவும் செய்தேன். இப்போது இறங்கும்போது நான் முன்னால், கைப்பிடியைப் பிடித்தபடி. அவள் பின்னால், அதே கைப்பிடியைப் பிடித்து, சத்தமாக எண்ணியபடி. எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு வந்தால் அவள் சொல்வதே இறுதி.

சித்திரையில் ஒரு வெள்ளி, மாலையில் கூட்டமாக இருக்கும் என்று மத்தியானமே மாங்காட்டுக்குப் போனோம். கோயில் தரையில் விரிப்புப் போடாத ஓர் இடத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. நாலைந்து அடி வைத்திருப்பேன். வலது உள்ளங்காலில் ஏதோ சுருக்கென்றது. என்ன என்று புரிய ஒரு நொடி ஆனது. பிறகு ஒரு துள்ளுத் துள்ளினேன்.

"என்ன, குதிக்கீய?"

"சுடுது!"

அவள் நின்றுவிட்டாள். "ரெண்டு காலுமா?"

"வலது மட்டும். இடது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது."

"அது இருக்கட்டும்" என்று என் முழங்கையை இறுக்கிப் பிடித்து இழுத்தாள். "நின்னு ரசிக்காம நெழலுக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு ரெண்டும் சுடுது."